மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கினால்

மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறி வந்த மாணவி ஒருத்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "காலைல என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டேன். "டீயும் ரெண்டு பிஸ்கட்டும், மிஸ்." இரவு இரண்டு மணி வரை ரெக்கார்டு எழுதியிருக்கிறாள். மெஸ் வரிசையில் நிற்க நேரமில்லை. முந்தைய செமஸ்டரில் இரண்டு அரியர். "எந்நேரமும் போனை நோண்டினா இப்படித்தான்" என்று வீட்டில் திட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8. குறைந்தது 12 இருக்க வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல். களைப்பு, தலைசுற்றல், படித்தது மனதில் நிற்காமை என்று அது வரும்போது நாம் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். எனக்கு இதில்தான் ஆற்றாமை. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. அது மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சைச் சாறு நல்லது.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பகலில் படித்ததை மூளை பதித்துக்கொள்வது தூக்கத்தில்தான். தேர்வுக்கு முந்தின இரவு முழுக்க விழித்திருந்தால், அன்று படித்ததும் சரியாகப் பதியாமல் போகலாம்.

அட்டெண்டன்ஸ் பற்றிப் பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும். உடல்நலக் குறைவால் 65 வரை இறங்கினாலும், மருத்துவச் சான்று கொடுத்தால் கன்டொனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) கேட்கலாம். மற்ற பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலும் இதுபோல் ஒரு வழி உண்டு. உங்கள் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு 71 சதவீதம். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களுக்கு ஒரு சீட்டுகூட அவளிடம் இல்லை. செமஸ்டர் கடைசியில் பழைய தேதி போட்டுச் சான்று தரச்சொல்லி மருத்துவரிடம் நிற்பது தவறு, அவரும் தரமாட்டார். நியாயமான விண்ணப்பத்தைக் கல்லூரி வாங்க மறுத்தால் அதற்கும் வழி உண்டு. யுஜிசியின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அங்கே எழுத்தில் கொடுங்கள். தீர்வு சரியில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மனசு சரியில்லாததும் உடம்பு சரியில்லாததுதான். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "சொன்னா எச்.ஓ.டி. காதுக்குப் போயிடுமே" என்று தயங்குகிறார்கள். மனநல மருத்துவர் உங்கள் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விலக்கு. கல்லூரிக்குள் பேசத் தயக்கமா? 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது அவள் ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை, லேப் ரிசல்ட் எல்லாவற்றையும் அன்றன்றே போட்டோ எடுத்து வகுப்பு ஆலோசகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறாள். காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறாள். கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.6.