ஊசியின் தடிமன் எவ்வளவு?

ஒரு பனியனை வெளிச்சத்திற்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். சில பனியன்களில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஒன்று தெரியும். திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் இதை 'நீடில் லைன்' என்பார்கள். இது எப்படி உண்டாகிறது?

பனியன் துணியைப் பின்னும் வட்ட எந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உருளையின் விட்டம் 30 அங்குலம். சுற்றளவில் அங்குலத்துக்கு 24 ஊசிகள். இதையே '24 கேஜ்' என்கிறார்கள். மொத்தம் 3.14 × 30 × 24, அதாவது ஏறத்தாழ 2,260 ஊசிகள்! ஓர் ஊசிக்குக் கிடைக்கும் இடம் 25.4 ÷ 24 = 1.06 மி.மீ. மட்டுமே. ஊசி ஓடும் காடியும், அடுத்த காடியைப் பிரிக்கும் சுவரும் இதற்குள் அடங்க வேண்டும். மேலும் கீழும் ஓடித் தேய்ந்த ஊசி காடிக்குள் ஆடும். அது பின்னும் கண்ணிகள் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபடும். துணி நெடுகக் கோடு விழும்.

இந்தத் தேய்மானத்தை அளக்க மில்லிமீட்டர் அளவுகோல் உதவாது. 0.1 மி.மீ. வரை காட்டும் பள்ளி வெர்னியர் அளவியும் போதாது. திருகு அளவி வேண்டும். பிரான்சு நாட்டின் பால்மர் 1848இல் காப்புரிமை பெற்ற கருவி இது. திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகர்கிறது. தலைக்கோலில் 100 பிரிவுகள். எனவே மீச்சிற்றளவு 0.01 மி.மீ.

புதிய ஊசியின் தடிமன் 0.41 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பழைய ஊசியை அளந்தால் தலைக்கோல் 41ஆம் பிரிவையே காட்டுகிறது. 'தேயவில்லை' என்று சொல்லிவிடலாமா? பொறுங்கள். ஊசியை எடுத்துவிட்டு, கருவியின் இரு முனைகளையும் ஒன்று சேருங்கள். சுழி காட்ட வேண்டிய இடத்தில் 3 காட்டுகிறது! சுழிப்பிழை +0.03 மி.மீ. ஆகவே உண்மைத் தடிமன் 0.41 − 0.03 = 0.38 மி.மீ. ஊசி தேய்ந்துதான் இருக்கிறது.

இன்னொரு பிழை நம் கையில் இருக்கிறது. திருகை இறுக்க இறுக்க அளவு குறையும். அதனால்தான் கருவியின் கோடியில் பற்சக்கர அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்தே சுழற்றுங்கள். 'கிரிக்' என்ற ஒலி கேட்டதும் நிறுத்துங்கள். அப்போது யார் அளந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

எஃகு ஊசிக்கு இது போதும். துணிக்கு? மெத்தென்ற பனியன் துணி சிறிது அழுத்தினாலும் நசுங்கும். அதனால் துணியின் தடிமனைச் சொல்லும்போது, எவ்வளவு அழுத்தத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பருத்தி நூலைப் பென்சில் மீது 1 செ.மீ. நீளத்துக்கு நெருக்கமாகச் சுற்றுங்கள். 10 மி.மீ.ஐச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நூலின் தடிமன் கிடைக்கும். முதலில் தளர்வாகவும், பிறகு இழுத்துப் பிடித்தும் சுற்றுங்கள். இரண்டு விடைகளும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லையென்றால் ஏன்?