கூட்டும் சீட்டும்: சிறுகடனின் சொல்வழி

'கூட்டு' என்றால் என்ன என்று இன்றைய சிங்கப்பூர் மாணவரை வினவினால், பருப்பும் காயும் சேர்ந்த கறி என்பர். அண்டை நாடான மலேசியாவிலோ அது சட்டச்சொல். 1971இல் அங்கு இயற்றப்பட்ட தடைச்சட்டம், தன் ஆங்கிலத் தலைப்பிலேயே 'கூட்டு' என்னும் தமிழ்ச்சொல்லைத் தாங்கி நிற்கிறது. தோட்டத் தொழிலாளர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள வைத்த பெயர், குற்றத்தின் பெயராகிவிட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூர்ச் சட்டம் சீட்டு நிதியை முற்றிலும் விலக்காமல் நெறிப்படுத்தியது.

கூட்டின் இயக்கம் எளிது. பத்துப் பேர் மாதந்தோறும் 100 வெள்ளி இடுகின்றனர். சேர்வது 1,000 வெள்ளி. அவசரத் தேவையுள்ளவர் 200 வெள்ளியைத் தள்ளி, 800 பெற்றுக்கொள்வார். தள்ளிய தொகை பத்துப் பேருக்கும் பகிரப்படுவதால், அம்மாதம் ஒவ்வொருவரும் உண்மையில் செலுத்துவது 80 வெள்ளியே. முந்தி எடுப்பவர் கடனாளி, பொறுத்திருப்பவர் சேமிப்பாளர். தள்ளுந்தொகையைத் தமிழகத்தில் 'கசர்' என்பர். பின்னத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. வட்டி என்ற சொல்லே இங்கு எழவில்லை என்பதை நோக்குக.

ஈடும் இல்லை, பத்திரமும் இல்லை. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் நகரத்தார் பேரேட்டில் வரவு வைத்துக் கடன் கொடுத்தனர். கூட்டுக்கோ பெரும்பாலும் பள்ளிக் குறிப்பேடு ஒன்றே கணக்கு. என் தாயார் கூட்டுத் தலைவியாக இருந்தவர். ஒருமுறை, இரண்டாம் மாதமே பணமெடுத்த ஒருவர் ஊரை விட்டே போய்விட்டார். எஞ்சிய தவணைகளைத் தாயாரே கட்டினார். இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குச் சென்றன, ஒன்றுதான் திரும்பிற்று. அவர் ஏன் கட்ட வேண்டும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பெருங்கடனின் சொற்கள் வேறு. இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில், கோயில் முதலைப் பெற்ற ஊர்ச்சபைகள் ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, 'பொலிசை' செலுத்தின. பொலிதல் என்பது பெருகுதல். 'வட்டி'யும் வளர்ச்சியைக் குறிக்கும் வடசொல்லினின்று வந்ததென்பர். சீனத்தில் வட்டியைக் குறிக்கும் 'சி' என்னும் சொல்லுக்கு மகவு என்னும் பொருளும் உண்டு. பணம் ஈனும் என்ற எண்ணம் இரு மொழிக்கும் பொது. ஆனால் ஈனாத ஆண்டும் வருமன்றோ? 12ஆம் நூற்றாண்டில் ஃபூஜியன் பகுதியில் சூ சி என்னும் அறிஞர் நிறுவிய ஊர்க்களஞ்சியம் அதற்கு வழி கண்டிருந்தது. உழவருக்குத் தானியக் கடனுக்கு நூற்றுக்கு இருபது வட்டி. விளைவு குறைந்தால் பாதி. பஞ்சமெனில் முற்றும் தள்ளுபடி. அரசிடம் பெற்ற முதலைத் திருப்பிய பின்னர், கழிவுக்கென நூற்றுக்கு மூன்று மட்டுமே வாங்கினர்.

சிங்கப்பூர் ஹொக்கியன் மக்கள் பலரின் முன்னோர் அந்த ஃபூஜியனிலிருந்தே வந்தனர். பொங்கோலில் என் அடுக்குமாடியில் வாழும் சீன மூதாட்டியிடம் கூட்டைப் பற்றிச் சொன்னேன். தம் இளமையில் அவரும் அதில் இருந்தாராம். மாண்டரினில் அதற்கு 'ஹுய்' என்று பெயர். ஒன்றுகூடல் என்பதே அதன் பொருள். எடுத்தவர் ஓடிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"தலைவர் கட்டுவார்," என்றார்.