வலி உறங்கும் வேளை

பேராதனைப் பல் வைத்தியசாலைக்குச் சென்று மீளும் நம் மாணவர் பலர், விறைப்பு மருந்து வலியைக் கொன்றுவிடுகின்றது எனக் கருதுவர். அது வலியைக் கொல்வதன்று. வலிச்செய்தி மூளையை அடையாவண்ணம் வழியடைப்பதேயாம். நரம்பிழையினுள் சோடியம் அயன்கள் புகும் வாயில்களை மருந்து அடைத்துவிட, செய்தி அவ்விடத்தே நின்றுவிடுகின்றது.

இம்முறை பழையதே. 1884ஆம் ஆண்டில் வியன்னா நகர வைத்தியர் கார்ல் கொல்லர் கண்ணை விறைக்கச் செய்யக் கொக்கெயினைப் பயன்படுத்தினார். அதன் நச்சியல்பு கண்டு வேறு மருந்து தேடினர். 1943இல் சுவீடனில் லிக்னொகெயின் ஆக்கப்பட்டது. அதன் 2 சதவீதக் கரைசலில் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் மருந்துண்டு. அளவு மிஞ்சினும், குருதிக்குழாயில் நேரே புகினும் காதிரைச்சல், நாவிறைப்பு, வலிப்பு தோன்றலாம், இதயமும் தளரலாம். ஆதலின் உடல்நிறை, நோய், உண்ணும் மருந்து, முன்னைய ஒவ்வாமை யாவற்றையும் வைத்தியரிடம் மறையாது கூறல் வேண்டும்.

ஒருமுறை பல் பிடுங்கி வந்த மாணவனுக்கு, கண்டிக் குளிருக்கு இதமென்று நாமே சுடுதேநீர் கொடுத்தோம். அவன் முகஞ்சுளியாது பருகினான். மாலையில் அவனுதடு வெந்திருக்கக் கண்டு வருந்தினோம். வலியென்னும் காவலன் உறங்கும் அச்சில மணிநேரம், உணர்வு மீளும்வரை சூடானதை உண்ணாதும் உதட்டைக் கடியாதும் பிள்ளைகளைக் காத்தல் நம் கடனாகும்.