துணிவைக் கற்பித்த ஆசான்

கடலூரினின்று புதுச்சேரிக்கு வருவோர் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றைக் கடக்கின்றனர். ஆறு கடலோடு கலக்குமிடம் அங்கிருந்து வெகுதூரமன்று. அவ்வூரில் ஒரு சித்திரைப் பகலைக் கழித்தவர், வெயிலின் கொடுமையையும் கடற்காற்றின் அருமையையும் ஒருங்கே அறிவர். அவ்வெயிலைத் தடுத்து, அக்காற்றை மட்டும் வீட்டினுள் விடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாகப் புதுச்சேரி நகரில் ஒரு கட்டடம் நிற்கின்றது. அரவிந்த ஆசிரமத்தைச் சார்ந்த கோல்கொண்டா விடுதியே அது. அவ்விடுதியைக் கட்டும் பொறுப்பு முப்பது வயதைச் சற்றே கடந்த ஓர் இளைஞரிடம் ஒப்புவிக்கப்பட்ட வரலாறு, மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே சிந்தித்தற்குரியது.

பொஹீமியாவில் 1888-இல் பிறந்து, டோக்கியோவில் தொழில் நடத்திய அந்தோனின் ரேமண்ட் என்னும் சிற்பியே இதற்குத் திட்டம் வகுத்தார். ஹைதராபாத் சமஸ்தானத்தின் மந்திரி ஸர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் பொருளுதவி கிடைத்தமையின், கோல்கொண்டா என்னும் பெயர் வழங்கலாயிற்று. ரேமண்டின் அலுவலகத்தில் 1934-இல் சேர்ந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் 1905-இல் பிறந்தவர். ரேமண்ட் வேலையை நேரில் நடத்துமாறு அவரையே புதுச்சேரிக்கு அனுப்பினார்.

அக்காலத்தில் இந்நாட்டில் கம்பிகளிட்ட கான்கிரீட் வேலை அருமையாயிருந்தது. விடுதியின் திட்டமோ முற்றிலும் புதியது. வடக்கும் தெற்கும் நோக்கிய நீண்ட பக்கங்களில் சுவருக்கும் சன்னலுக்கும் பதிலாக, மேலிருந்து கீழ்வரை திருப்பத்தக்க கிடைப்பலகைகளை அமைத்தனர். அவற்றைச் சாய்த்தால் வெயிலும் மழையும் தடைப்படும். காற்றோ உள்ளே செல்லும். கூரையின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளைப் பரப்பி, இடையே காற்றுக்கு வழிவிட்டனர். வேலை செய்தவருள் பலர் அத்தொழிலில் முன்பழக்கமில்லாத ஆசிரமவாசிகள்.

இத்தகைய பணியில் பிழை நேரின் பழி யாருடையது? திட்டத்தில் பெயரிட்ட ஆசானுடையதன்றோ! அவ்வாறிருந்தும் அவர் மாணவரைத் தடுத்திலர். ஆயினும் இது குருட்டுத் துணிவுமன்று. முதற்கண் ஓர் அறையின் மாதிரியை முழு அளவிற் கட்டிப் பார்த்தனர். மாதிரியிற் காணும் பிழை சிறு செலவோடு தீரும். மாளிகையிற் காணும் பிழை எக்காலமும் நிற்கும். ரேமண்டும் 1938-இல் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் உடனிருந்தார்.

இங்கே ஆசானுக்கும் ஒரு சோதனை ஏற்பட்டது. மாணவர் சம்பளத்தைத் துறந்து ஆசிரமத்தில் சேர்ந்து, சுந்தரானந்தர் என்னும் பெயரும் பெற்றார். 1939-இல் வேலை முடியுமுன்னரே புதுச்சேரியை விட்டகன்றார். செக் நாட்டுச் சிற்பியாகிய ஸாமர் முதலியோர் பணியைத் தொடர்ந்தனர். யுத்தம் வந்தபொழுது, ஜப்பானிய மரபினர் என்ற காரணத்தால் 1942-இல் அமெரிக்க அரசாங்கம் நகாஷிமாவை மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ முகாமில் அடைத்தது. 1943-இல் அவர்களுக்குப் பொறுப்பேற்று வெளிக்கொணர்ந்தவர் அப்பழைய ஆசான் ரேமண்டே. பென்ஸில்வேனியாவிலிருந்த தம் பண்ணையில் அவர் இடமளித்தார். நகாஷிமாவோ சிற்பத்தொழிலுக்குத் திரும்பாமல், மரத்தச்சில் இறங்கி உலகப்புகழ் எய்தினார், 1990-இல் காலமானார்.

மாணவன் தன்னைப்போலவே ஆகவேண்டும் என விரும்பும் ஆசிரியர் பலர். "துணிந்து செய்" என வாயாற் சொல்பவர் அவரினும் பலர். உண்மையான வேலையைக் கையிற் கொடுத்து, பிழையைச் சிறிதாகச் செய்துபார்க்க வழியும் வகுத்து, மாணவன் வேறு வழியிற் சென்ற பின்னரும் கதவைத் திறந்துவைப்பவர் சிலரே. அச்சிலரால்தான் உலகில் புதியன தோன்றுகின்றன. கோல்கொண்டாவைக் காணச் செல்லும் மாணவர், அதன் காற்றோடு இவ்வரலாற்றையும் நினைவிற் கொள்வாராக.