எத்தனை நாப்கின் என்று நாங்கள் கேட்கும்போது

"ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள்?" மகளிர் நலப் பிரிவில் நாங்கள் அன்றாடம் பலரிடம் கேட்கும் கேள்வி இது. உதிரப்போக்கு இயல்பானதா, மிகுதியானதா என்பதை முதலில் அந்த விடையைக் கொண்டே கணிக்கிறோம். நாகல் நகரிலிருந்து வந்த, நாற்பதைக் கடந்த பெண் ஒருவர் "இரண்டு" என்றார். இயல்பு என்று எழுதிக்கொண்டோம். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது ஹீமோகுளோபின் 7 கிராம். பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும்.

மீண்டும் அமர வைத்துக் கேட்டோம். "ரெண்டுக்கு மேல எங்கே கட்டுப்படியாகுது டாக்டர்? உள்ளே பழைய சேலைத் துணியை மடிச்சு வச்சுக்குவேன். பாக்கெட் மகளுக்கு வேணுமே" என்றார். ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை; நாங்கள்தாம் கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டோம். செலவுக்கு அஞ்சிக் குறைத்த எண்ணிக்கை நோயையே மறைத்துவிட்டது.

மகளுக்கு அரசு வழங்குகிறதே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 2011ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் வழங்கப்படுகிறது. ஊரகப் பகுதிகளுக்கென்று தொடங்கியது பின்னர் நகர்ப்புறத்திற்கும் விரிந்தது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை 3 பாக்கெட்டுகள், பாக்கெட்டுக்கு 6 நாப்கின்கள். பள்ளி மாணவியருக்குப் பள்ளியில் கிடைக்கும். படிப்பை நிறுத்தியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்கலாம். பள்ளியை விட்ட பெண் குழந்தைக்கு உரிமை இல்லை என்று பல வீடுகளில் எண்ணிவிடுகிறார்கள். அது சரியன்று. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்க்கும் 7 பாக்கெட்டுகள், அதாவது 42 நாப்கின்கள் உண்டு. வீடு திரும்பும் பரபரப்பில் வாங்காமல் போய்விடாதீர்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 18 பாக்கெட்டு என்றால் 108 நாப்கின், மாதத்திற்கு 9. நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டுமென்றே நாங்கள் சொல்கிறோம். ஐந்து நாள் போக்குக்கு அதன்படி ஏறத்தாழ 20 தேவைப்படும். மகளுக்கே பாதி மாதந்தான் ஓடுகிறது. தாய்க்கோ, பிரசவக் காலம் கடந்துவிட்டால், இத்திட்டத்தில் இடமே இல்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில்தான் உதிரப்போக்கு பலருக்கு மிகுகிறது. நாப்கின் செலவும் அப்போதுதான் ஏறுகிறது.

ரேஷன் கடையில் அரிசியும் பருப்பும் கிடைக்கின்றன, நாப்கின் கிடைப்பதில்லை. இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் உணவு உதவி அட்டையைக் கொண்டும் நாப்கின் வாங்க இயலாது. அது உணவுக்கு மட்டுமே. ஸ்காட்லாந்து மாறான வழியில் சென்றது: 2022 ஆகஸ்ட் முதல் தேவைப்படும் எவரும் இலவசமாகப் பெற அங்கே சட்டம் வழி செய்கிறது.

நம்மிடம் இருப்பது பணமாக வரும் உதவி. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. அதில் சுய உதவிக் குழுத் தவணை, கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. அவருடைய நாப்கினுக்கு மட்டும் இருப்பதில்லை. மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' நாப்கின் 2019 முதல் ஒன்று 1 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. அந்த விலையில் 20 நாப்கின் 20 ரூபாய்தான். கணவரோ மகனோ மருந்து வாங்கச் செல்லும்போது இதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கருப்பு உறையில் ஒளித்து வாங்க வேண்டிய பொருள் இதில் ஏதுமில்லை.

துணி பயன்படுத்துவோரை நாங்கள் குறை கூறவில்லை. தூய பருத்தித் துணியைச் சோப்பிட்டு அலசி, நேர் வெயிலில் நன்கு உலர்த்தினால் போதும். பிறர் கண்ணில் படாதிருக்கப் பாவாடைக்கு அடியில் ஈரத்தோடு காயப்போடுவதுதான் தொற்றுக்கு வழி செய்கிறது.

இனி எங்கள் கேள்விக்கு விடை சொல்லும்போது துணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். போக்கு ஏழு நாளைக் கடந்தாலும், பெரிய கட்டிகளாகப் பட்டாலும், இரவில் எழுந்து மாற்ற நேர்ந்தாலும் அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளாமல் வாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து அது சில மணி நேரம் நீடித்தால், அல்லது மயக்கமோ மூச்சு வாங்குதலோ இருந்தால், அன்றே வாருங்கள். மாற்றிய ஒவ்வொரு முறைக்கும் நாட்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாளைக் கிழித்து அப்படியே கொண்டுவந்தாலும் எங்களுக்குப் போதும்.