லே நகரத் தோட்டத்திற்கு எந்தச் செடி?

கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலே, ஆண்டுக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் மழையே காணும் லடாக்கின் லே நகரத்தில் வீட்டுத் தோட்டம் போட விரும்புகிறவர், மழைக்குறைவை மட்டும் கருதிச் செடியைத் தேர்ந்தெடுத்தல் போதாது. ஏனெனில், கோடையில் வறண்ட காற்றும் உக்கிரமான சூரியகிரணமும் இலையின் ஈரத்தை உறிஞ்ச, குளிர்காலத்திலோ மண்ணிலுள்ள ஜலமே உறைந்து வேருக்கு எட்டாமற் போய்விடுகிறது.

இவ்விரண்டு தாகங்களையும் தாங்குவது ஸீபக்தார்ன் என்னும் முட்செடி. பனிக்காலத்தில் அது இலையுதிர்த்துவிடும். கோடையில் அதன் ஒடுங்கிய இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் வெள்ளிப்பொடி பூசினாற்போல் நுண்ணிய செதில்கள் நெருங்கியிருக்கும். அவை இலைத்துளைகளின் அருகே காற்றை அசையாமல் நிறுத்தி, நீராவி வெளியேறும் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா ஆகாயத்து நைட்ரஜனை உரமாக்கித் தருவதால், சாரமற்ற மணலிலும் அது தழைக்கும். இதனினும் சிறந்த குணம் வேறென்ன வேண்டும்! ஆயினும் ஆண், பெண் செடிகள் தனித்தனியாதலால், செம்மஞ்சள் கனி வேண்டுவோர் இரண்டையும் அருகருகே நடவேண்டும்.