சுவருக்குள் மறைபவை

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவின் கோடியில் இருக்கும் பரதேசி யூத ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். வெறுங்கால் முதலில் உணர்வது தரையின் குளிர்ச்சியை. குனிந்து பார்த்தால் வெள்ளைப் பரப்பில் நீல ஓவியம் தீட்டிய பீங்கான் ஓடுகள் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், டச்சுக் கம்பெனியுடன் வாணிகம் செய்த எசக்கியேல் ரஹாபி என்னும் கொச்சி யூத வணிகர், சீனத்தின் கான்டன் நகரிலிருந்து அவற்றைக் கப்பலில் வரவழைத்தார். கையால் தீட்டியவை என்பதால் ஒவ்வோர் ஓட்டிலும் கோடுகள் சற்றே மாறியிருக்கும்.

வருவோர் அனைவரும் ஓவியத்தை வியக்கின்றனர். நான் சென்றபோது ஓடுகளுக்கு இடைப்பட்ட இணைப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். காரணம் எளியது. அப்போது எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்கு என் கையாலேயே டைல்ஸ் ஒட்டக் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஜூ டவுனுக்கு அருகில் நாங்கள் வாங்கிய வீடு பழையது. மழைக்காலத்தில் குளியலறைச் சுவர் வியர்க்கும். விரலால் தட்டினால் பல டைல்ஸ்கள் வெற்றுப் பானைபோல ஒலித்தன. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சியில் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அருகிருந்து சொல்லித்தர இசைந்தார். "நீங்க கணக்கு எழுதுற கை சார், நிதானம் இருக்கும், வந்துரும்" என்றார். அவரை அண்ணாச்சி என்றே அழைத்தேன்.

எங்கும் சேராத பச்சைக் கம்பி

முதல் ஞாயிறன்று பழைய டைல்ஸ்களை உடைத்தோம். வெந்நீர் கீசருக்கான மின்பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றியபோது அண்ணாச்சி உளியைக் கீழே வைத்துவிட்டார். நிலஇணைப்புக்கான பச்சைக் கம்பி பெட்டியின் பின்னால் வெட்டப்பட்டு, எதனோடும் சேராமல் சுவருக்குள் புதைந்து கிடந்தது. வெளியே மூன்று துளை கொண்ட அழகான பிளக் பாயின்ட். உள்ளே மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

சில மாதங்களுக்கு முன் என் தாயார், "குழாயைத் தொட்டா சுருக்குன்னு இருக்குப்பா" என்று இரண்டு முறை கூறியிருந்தார். "ஈரக் கையாயிருக்கும் அம்மா" என்று பதில் சொல்லிவிட்டு அலுவலகம் புறப்பட்டவன் நான். கீசரின் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், நிலஇணைப்பு இல்லாதபோது அதன் உலோக உடலிலும் இரும்புக் குழாயிலும் மின்னழுத்தம் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் குழாயைத் தொட்டால், அவர் உடலே நிலஇணைப்பு ஆகிவிடும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எதைக் கற்கலாம், எதைத் தொடலாகாது

மறுநாளே மின்சாரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் விளங்கியது இது: எம்.சி.பி. என்னும் தானியங்கித் துண்டிப்பான் கம்பியைக் காப்பாற்றுமே தவிர மனிதரைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டிய மின்னோட்டத்துக்கே விழும். மனித உயிரைப் பறிக்கவோ ஓர் ஆம்பியரில் சிறு பகுதியே போதும். மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். அது வெளியே செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியின் ஒரு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். வங்கியில் மாலையில் வரவு செலவு ஒத்துப்போகாவிட்டால் கணக்கை மூட இயலாதல்லவா? அதே விதிதான்.

கீசரின் தேவையையும் கணக்கிட்டேன். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். எனவே விளக்குக்கான 6 ஆம்பியர் பாயின்ட்டில் அதைச் சேர்த்தல் ஆகாது. தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் 16 ஆம்பியர் பாயின்ட்டும் வேண்டும்.

இவ்வளவும் கற்றபின், கம்பியையும் நானே இணைத்துவிடலாமே என்னும் ஆசை எழுந்தது. அதற்குச் சட்டமே அணை போட்டிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, மின்னமைப்பின் திறனோ தன்மையோ மாறாதவாறு மாற்றிப் பொருத்துவதுடன் வீட்டாரின் உரிமை நின்றுவிடுகிறது. புதிய இணைப்பு, மாற்றம், பழுது ஆகியவற்றை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். ஆகவே உரிமம் பெற்றவரை அழைத்தேன். ஆனால் கற்றது வீணாகவில்லை. நிலஇணைப்பை மின்முனையில் அளந்து காட்டும்படி கேட்கவும், சுவிட்ச் ஃபேஸ் கம்பியைத் துண்டிக்கிறதா என்று வினவவும் எனக்குத் தெரிந்திருந்தது. டெஸ்டரில் விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்று மட்டுமே பொருள். நிலஇணைப்பு இருப்பதற்கு அது சான்றாகாது.

குழாய்களும் மின்குழல்களும் பதிந்தபின், பூச்சு மூடுவதற்கு முன், சுவரின்மேல் அளவு நாடாவை நீட்டிப் படம் எடுத்து வைத்தேன். பின்னாளில் துண்டுக்கம்பி மாட்டத் துளையிடும்போது எங்கே துளைக்கக்கூடாது என்பதை அந்தப் படமே சொல்லும்.

டைல்ஸ் கற்பித்த பாடம்

ஒரு சுவர் 2.4 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம்; பரப்பு 5.04 சதுர மீட்டர். 300க்கு 450 மில்லிமீட்டர் டைல்ஸ் ஒன்றின் பரப்பு 0.135 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்து 38 போதும் என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "வரிசையை எண்ணுங்க சார்" என்றார். குறுக்கே 8, மேலே 4 முழு வரிசையும் ஒரு வெட்டு வரிசையும். ஆக 40. வெட்டி எஞ்சும் 150 மில்லிமீட்டர் துண்டு வேறெங்கும் பயன்படாது. உடைவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 44. அனைத்துப் பெட்டிகளிலும் ஒரே நிற எண்ணும் தொகுதி எண்ணும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

தரையை நம்பி முதல் வரிசையைத் தொடங்கலாகாது. குளியலறைத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். ரசமட்டம் வைத்து ஒரு கோடு கிழித்து, அதன்மேல் நேரான சட்டத்தைப் பொருத்தி, இரண்டாம் வரிசையிலிருந்து ஏற வேண்டும். அடிவரிசையைக் கடைசியில் வெட்டி ஒட்டலாம். அதற்கும் முன்பாகப் பூச்சு நன்கு உலர்ந்து, நீர்க்காப்புப் பூச்சை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக இருமுறை பூசியிருக்க வேண்டும். நீரை உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸை வெறும் சிமென்ட் பிடித்துக்கொள்ளாது. அதற்கென உள்ள பசையைப் பல் வைத்த கரணையால் சீராக இழுக்க வேண்டும். நான்கு மூலையில் உருண்டை வைத்து ஒட்டுவது விரைவான வழிதான். ஆயினும் நடுவில் வெற்றிடம் தங்கும். எங்கள் பழைய சுவர் பானைபோல ஒலித்தது அதனால்தான். சுவர்கள் சந்திக்கும் மூலையில் கிரவுட்டுக்கு மாற்றாகச் சிலிக்கான் இட்டால், சுவர் அசைந்தாலும் விரிசல் காணாது.

நான் ஒட்டிய மூன்றாம் வரிசையில் இரண்டு டைல்ஸ்கள் சற்றே முன்னுந்தி நிற்கின்றன. கழற்றி ஒட்டச் சொன்னார் அண்ணாச்சி. அதற்குள் பசை இறுகிவிட்டது. அந்தப் பிழையின் விலை என் கண்ணுக்கு ஓர் உறுத்தல், அவ்வளவே. பச்சைக் கம்பியை வெட்டிப் புதைத்தவரின் பிழைக்கு விலை என் தாயாராக இருந்திருக்கும்.

மதிப்பீட்டில் ஒரு தனி வரி

வீட்டுச் சீரமைப்புக் கடனுக்கு வரும் மதிப்பீட்டுத் தாள்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். டைல்ஸின் நிறமும் குழாயின் நிறுவனப் பெயரும் விரிவாக எழுதப்பட்டிருக்கும். மின்பணிக்கு "இதர செலவு" என்று ஒரு சொல்தான். நானும் முன்பு அதைக் கேள்வி கேட்காமல் கடந்தவனே. இப்போது வாடிக்கையாளர்களிடம் ஒன்று கூறுகிறேன்: நிலஇணைப்புச் சோதனை, ஆர்.சி.சி.பி., கீசருக்குத் தனிக் கம்பி ஆகிய மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். டைல்ஸை அடுத்த ஆண்டும் மாற்றலாம்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று குறித்த சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தியதும் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் கருவி பழுதாகிவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் நாள் அதை அழுத்துவது என் தாயாரின் பொறுப்பு. வீடு ஒரு கணம் இருளும். "வேலை செய்யுதுப்பா" என்பார். பிறகுதான் நான் அலுவலகம் புறப்படுகிறேன்.